காவல் நிலைய விசாரணைப் பதிவுக் கருவிகளுக்கு அரசு நிதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவல்துறை அலுவலகங்களுக்கு மதிப்பீடும் முன்மொழிவும் எழுதித் தரும் வேலையில் நெடுநாள் இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் தொலைபேசி ஓயவில்லை. நிலைய எழுத்தர்கள், புதிதாகப் பொறுப்பேற்ற ஆய்வாளர்கள், வழக்கறிஞர்கள், எப்போதாவது ஒரு நிருபர் என்று கேட்பவர்கள்தான் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். அலுவலக நடைமுறை பற்றிய பதில்கள் தமிழ்நாட்டை மனத்தில் வைத்தவை. உச்ச நீதிமன்ற உத்தரவும் மத்தியச் சட்டங்களும் எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும்.

"விசாரணையைப் பதிவு செய்யும் கருவி வாங்க அரசு பணம் தருகிறதாமே, அது எந்தப் பணம்?"

அந்தப் பெயரில் தனியாக ஒரு திட்டம் இல்லை. பெரும்பாலும் கைகொடுப்பது மத்திய உள்துறையின் காவல்துறை நவீனமயமாக்கல் உதவித் திட்டம். 1969-70இல் தொடங்கியது, அவ்வப்போது புதுப்பிக்கப்பட்டு வருகிறது. 2021-22 முதல் 2025-26 வரையான காலத்துக்குப் பெருந்திட்டமாக 26,275 கோடி ரூபாய் ஒப்புதல் பெற்றது. அதில் மாநிலக் காவல் படைகளை நவீனப்படுத்த ஒதுக்கப்பட்ட மத்தியப் பங்கு 4,846 கோடி. மத்திய அரசு 60 விழுக்காடு, மாநில அரசு 40 விழுக்காடு என்பது பொதுவான விகிதம். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90:10.

இரண்டாவது வழி, மாநில அரசின் சொந்த வரவு செலவுத் திட்டத்தில் காவல்துறை மானியக் கோரிக்கையில் சேர்ப்பது. மூன்றாவது, குறிப்பிட்ட நோக்கத்துக்கென்றே வரும் நிதி. எடுத்துக்காட்டாக, 10,000 காவல் நிலையங்களில் மகளிர் உதவி மையம் அமைக்க நிர்பயா நிதியிலிருந்து 100 கோடி ரூபாய் அனுமதிக்கப்பட்டது. நிலையத்துக்கு ஒரு லட்சம் என்ற கணக்கு அது. அந்தப் பணத்தில் லாக்கப்புக்குக் கேமரா வாங்கிவிட்டு, "அதுவும் பெண்கள் பாதுகாப்புக்குத்தானே" என்று கோப்பில் எழுதினால் தணிக்கை ஏற்காது.

"எங்கள் நிலையத்தில் ஏற்கெனவே சிசிடிவி இருக்கிறது. பிறகு எதற்குத் தனியாக விசாரணைப் பதிவுக் கருவி?"

இரண்டும் வேறு வேலை செய்பவை. சிசிடிவி நிலையத்தைக் காவல் காக்கிறது: யார் எப்போது உள்ளே வந்தார், எந்த நிலையில் வெளியே போனார் என்பதை இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கும். கூரை மூலையில் இருக்கும் அதன் பதிவில் மேசைக்கு இருபுறமும் அமர்ந்திருப்பவர்கள் பேசுவது பெரும்பாலும் புரியாது.

விசாரணைப் பதிவு என்பது ஓர் உரையாடலின் முழுப் பதிவு. கேள்வி, பதில், இடையில் விழும் மௌனம், தண்ணீர் கேட்டது, கொடுத்தது, கொடுக்காதது எல்லாம் தெளிவாகக் கேட்கவும் தெரியவும் வேண்டும். தொடக்கமும் முடிவும் நேரத்தோடு பதிவாக வேண்டும். இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டின் காவல், குற்றவியல் சாட்சியச் சட்டத்துக்குப் பிறகு இதற்கென்றே தனி நடைமுறைத் தொகுப்பு வந்தது. டேப் காலத்தில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நாடாக்களில் பதிந்து, ஒன்றை விசாரிக்கப்பட்டவர் கண்ணெதிரே முத்திரையிட்டு மூலப்பிரதியாக வைத்தார்கள். மற்றது வழக்கு வேலைக்கு. நாம் இன்னும் அந்த ஒழுங்குக்கு வரவில்லை. முன்மொழிவில் இவ்விரண்டையும் தனித்தனி இனங்களாக எழுதுங்கள். ஒரே வரியில் "கேமராக்கள்" என்று எழுதினால் சிசிடிவி மட்டும்தான் வந்து சேரும்.

"இது கட்டாயமா, இல்லை விருப்பம்தானா?"

சிசிடிவி கட்டாயம். பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நரிமன், கே.எம். ஜோசப், அனிருத்தா போஸ் ஆகியோர் அளித்த உத்தரவு ஒவ்வொரு காவல் நிலையத்தையும் கட்டுப்படுத்துகிறது. சிபிஐ, தேசியப் புலனாய்வு முகமை, அமலாக்கத்துறை, போதைப்பொருள் தடுப்புப் பிரிவு போன்றவற்றையும், விசாரிக்கவும் கைது செய்யவும் அதிகாரம் உள்ள மற்ற மத்திய அமைப்புகளின் அலுவலகங்களையும் அதே உத்தரவு சேர்த்துக்கொள்கிறது.

விசாரணையை முழுதாக ஒலி-ஒளிப் பதிவு செய்வது அந்த அளவுக்குக் கட்டாயமாகவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்தே தீர வேண்டும் என்று 105ஆம் பிரிவில் சொல்கிறது. சாட்சிகளைக் காவல் அதிகாரி விசாரித்து எழுதும் வாக்குமூலத்துக்கு, 180ஆம் பிரிவில், "பதிவு செய்யலாம்" என்பதோடு நிற்கிறது. சட்டம் "லாம்" என்று விட்ட இடத்தில் நிதிக் குழு முதலில் கத்தரியை எடுக்கும். அதனால்தான் முன்மொழிவில் கட்டாயமானதை முன்னாலும் விருப்பத்துக்கு உரியதை அடுத்தும் வைக்கச் சொல்கிறேன்.

"எந்தெந்த இடத்தில் கேமரா வைக்க வேண்டும்? வாசலிலும் லாக்கப்பிலும் இருந்தால் போதாதா?"

போதாது. நுழைவாயில், வெளியேறும் வழிகள், எல்லா லாக்கப்புகள், லாக்கப்புக்கு வெளியே உள்ள பகுதி, நடைவழி, வரவேற்பு, தாழ்வாரம், ஆய்வாளர் அறை, உதவி ஆய்வாளர் அறை, பணி அதிகாரி அறை, நிலையக் கூடம், வளாகத்தின் முன்புறம், கழிவறைக்கு வெளியே, கட்டடத்தின் பின்புறம் என்று உத்தரவு பட்டியலே போட்டிருக்கிறது. கழிவறைக்கு உள்ளே கூடாது. எந்தப் பகுதியும் பார்வையிலிருந்து தப்பக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

பட்டியலைப் படித்ததும் பலர் முகம் சுளிப்பது "ஆய்வாளர் அறை" என்ற இடத்தில்தான். "பின்புறம்" என்பதை யாரும் கவனிப்பதில்லை. நிலைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை நடந்து பார்த்தால், பழைய வாகனங்கள் நிற்கும் அந்தப் பின்புறம்தான் விடுபட்டிருக்கும். சிறிய நிலையத்துக்குக்கூட ஒரு டஜனுக்கு மேல் கேமரா தேவைப்படும்.

"18 மாதம் சேமிக்க எத்தனை டிபி ஹார்டு டிஸ்க் கேட்க வேண்டும்?"

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 18 மாதம் என்பது அதே உத்தரவு கேட்பது. எல்லோரும் "எத்தனை கேமரா" என்றே தொடங்குகிறார்கள். கேமராவின் விலை மதிப்பீட்டில் சின்னப் பகுதி. பணத்தை விழுங்குவது நாட்கள்.

கணக்கைக் கையால் போட்டுப் பார்க்கலாம். 1080 தரத்தில், எச்.265 சுருக்க முறையில், ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 86,400 நொடி. அப்படியானால் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு 21.6 ஜிபி. 18 மாதம் என்பது ஏறத்தாழ 548 நாள். பெருக்கினால் ஒரு கேமராவுக்கு 11.8 டிபி. 16 கேமராவுக்கு 189 டிபி. கடைக்காரர் "நாலு டிபி போட்டுத் தருகிறேன், தாராளமாக இருக்கும்" என்று சொல்லும்போது இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அவர் சொல்லும் நாலு டிபி இந்த ஏற்பாட்டில் பன்னிரண்டு நாள்கூடத் தாங்காது.

189 டிபி கேட்டால் கோப்பு திரும்பி வரும் என்பதும் உண்மைதான். அதற்கு வழி, எல்லாக் கேமராவையும் ஒரே தரத்தில் ஓட்டாமல் இருப்பது. லாக்கப்பு, விசாரணை அறை என நான்கை 2 மெகாபிட்டிலும், நடைவழி, வாசல் போன்ற பன்னிரண்டை 1 மெகாபிட்டிலும் ஓட்டினால் தேவை ஏறத்தாழ 118 டிபியாக இறங்கும். இதற்கு மேல் ஒரு டிஸ்க் கெட்டால் பதிவு அழியாமலிருக்க உபரி டிஸ்க்குகள் வேண்டும். அசைவு இருந்தால் மட்டும் பதியும் முறை இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் லாக்கப்புக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுவரோரம் அசையாமல் கிடக்கும் ஒருவரை அந்த ஏற்பாடு "ஒன்றும் நடக்கவில்லை" என்று எடுத்துக்கொள்ளும்.

"வாசல் பலகையில் ஆறு மாதம் என்று எழுதியிருக்கிறதே. நீங்கள் 18 என்கிறீர்கள், எது சரி?"

இரண்டும் அதே உத்தரவில் இருப்பவைதான். கருவி 18 மாதப் பதிவைத் தாங்க வேண்டும். சந்தையில் அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் கிடைப்பதிலேயே அதிகமாகத் தாங்குவதை வாங்க வேண்டும், அதுவும் ஓராண்டுக்குக் கீழே போகக் கூடாது. இது வாங்குபவருக்கான விதி. வாசலில் ஆங்கிலம், இந்தி, உள்ளூர் மொழி ஆகியவற்றில் வைக்க வேண்டிய பலகையில், பதிவு குறைந்தது ஆறு மாதம் காக்கப்படும் என்று மக்களுக்குத் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறது. ஆறு மாதத்தைக் காட்டி ஆறு மாதக் கொள்ளளவுக்கு மதிப்பீடு போடுவது தவறு. அப்படிப் போடப்பட்ட மதிப்பீடுகள் என் கைக்கு வந்திருக்கின்றன.

"கொள்ளளவு இருந்தால் பதிவு பத்திரமாக இருக்கும்தானே?"

சாத்தான்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 19 அன்று அழைத்துச் செல்லப்பட்ட வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் ஜூன் 22, 23 தேதிகளில் கோவில்பட்டியில் இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி நிலையத்துக்குச் சென்ற நீதித்துறை நடுவர், கேமராப் பதிவுக் கருவியில் ஒரு டிபி டிஸ்க் இருந்தும், பதிவுகள் தினமும் தாமாகவே அழியும்படி அமைப்பு வைக்கப்பட்டிருந்ததைத் தம் அறிக்கையில் குறிப்பிட்டார்.

எட்டுக் கேமராவை 2 மெகாபிட்டில் ஓட்டினாலும் ஒரு டிபி ஐந்து நாளுக்கு மேல் தாங்கும். அந்த ஐந்து நாளைக்கூட ஓர் அமைப்புத் தேர்வு ஒற்றை நாளாக்கிவிடும். எனவே டெண்டரில் கொள்ளளவை எழுதிய கையோடு இன்னும் இரண்டு வரி எழுதுங்கள். ஒன்று, அழிக்கும் காலத்தை மாற்றும் கடவுச்சொல் நிலையத்தில் யாரிடமும் இருக்கக் கூடாது, மாவட்ட அளவில் இருக்க வேண்டும். இரண்டு, அமைப்பை யார் எப்போது மாற்றினாலும் அது அழிக்க முடியாத குறிப்பாகப் பதிவாக வேண்டும். இந்த இரண்டு வரிகளுக்குப் பெரிதாகச் செலவு இல்லை. என்னைக் கேட்டால் மொத்த மதிப்பீட்டிலும் இவைதான் விலை மதிப்புள்ளவை.

"ஒலிப்பதிவும் வேண்டுமா? எங்கள் கேமராவில் படம் மட்டும்தான் வரும்."

வேண்டும். ஒலியும் ஒளியும் சேர்ந்த பதிவு, இரவிலும் தெரியும் வசதி ஆகிய இரண்டையும் உத்தரவு கேட்கிறது. ஒலி மிகக் குறைந்த இடத்தையே எடுத்துக்கொள்ளும், மேலே போட்ட கணக்கை அது பெரிதாக மாற்றாது. விசாரணை அறைக்கு மட்டும் கேமராவுக்குள் இருக்கும் மைக்கை நம்ப வேண்டாம். மின்விசிறி ஓடும் அறையில் அது மின்விசிறியைத்தான் பதியும். மேசை மைக் ஒன்றும், சுவரில் எதிரொலி குறைக்கும் பலகையும் கேளுங்கள்.

"கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் கேமராவை வாங்கிப் பொருத்தினால் என்ன?"

2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்கள் மத்திய மின்னணு அமைச்சகம் வகுத்த பாதுகாப்புத் தேவைகளின்படி சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய சரக்கை மலிவாகத் தள்ளிவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், சோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். இந்தியாவோடு நிலஎல்லை பகிரும் நாடுகளைச் சேர்ந்த நிறுவனங்கள் பதிவு பெறாமல் அரசு டெண்டரில் பங்கேற்க முடியாது என்ற 2020ஆம் ஆண்டின் கட்டுப்பாடும் உண்டு. இங்கே எல்லாக் கொள்முதலும் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கு உட்பட்டது. நிலையம் நிலையமாகப் பிரித்துச் சிறு தொகைகளாக வாங்குவது அந்தச் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகும் பழைய பாதை. தணிக்கையாளர்களுக்கும் அந்தப் பாதை நன்றாகத் தெரியும்.

"விசாரணை அறையில் கேமராவைக் குற்றம் சாட்டப்பட்டவர் முகத்தை நோக்கி வைத்தால் போதும் அல்லவா?"

போதாது என்பது மட்டுமல்ல, தவறான முடிவுக்கும் இட்டுச் செல்லும். அமெரிக்காவின் ஓஹையோ பல்கலைக்கழக உளவியலாளர் டேனியல் லாசிட்டர் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். சந்தேக நபர் மட்டும் தெரியும் பதிவைப் பார்த்தவர்கள், அவர் தாமாகவே சொன்னார் என்று நம்பும் சாய்வு கொண்டிருந்தார்கள். அதே விசாரணையில் கேட்பவரும் சொல்பவரும் சமமாகத் தெரிந்தால் அந்தச் சாய்வு மறைந்தது. நியூசிலாந்துக் காவல்துறை இருவரும் தெரியும் கோணத்தைப் பின்பற்றுகிறது.

ஆகவே இரண்டு கேமரா கேளுங்கள். பக்கவாட்டிலிருந்து இருவரையும் காட்டும் ஒன்று, முழு அறையையும் கதவையும் காட்டும் இன்னொன்று. கதவு தெரிய வேண்டியதற்குக் காரணம், யார் இடையில் உள்ளே வந்தார்கள் என்பது பல வழக்குகளில் பெரிய கேள்வியாகிறது.

"மார்ச் கடைசி வாரத்தில் அரசாணை வந்தது. பணத்தை எடுத்து நிறுவனத்திடம் கொடுத்துவிட்டுப் பிறகு பொருளை வாங்கிக்கொள்ளலாமா?"

ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கேள்வி வருகிறது, பங்குனி வெயிலோடு. வேண்டாம். உடனடிச் செலவுக்குத் தேவைப்படாத பணத்தை, காலாவதியாகிவிடும் என்பதற்காக மட்டும் கருவூலத்திலிருந்து எடுக்கக் கூடாது என்பது அடிப்படை நிதி விதி. பொருள் வராமல் "பெறப்பட்டது" என்று இருப்புப் பதிவேட்டில் எழுதும் நிலைமைக்கு அது தள்ளும், எழுதியவரின் கையெழுத்து அவர் ஓய்வு பெற்ற பிறகும் துரத்தும்.

சரியான வழி, டெண்டர் முடிந்து கொள்முதல் ஆணை அளித்திருந்தால் அதைக் காட்டி அடுத்த நிதியாண்டில் மறு ஒப்புதல் கேட்பது. மத்தியப் பங்குக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ், பொது நிதி விதிகளின் 12-சி படிவத்தில் போக வேண்டும். முன் தவணைக்குச் சான்றிதழ் போகாவிட்டால் அடுத்த தவணை வராது. உங்கள் மாவட்டத்தின் ஒரு தாள் தாமதமானால் மாநிலத்துக்கே அது தடையாகலாம். நிதி எந்த ஆண்டின் செயல்திட்டத்தில் ஒப்புதல் பெற்றதோ அந்த ஆண்டின் இனப்பட்டியலை வைத்துக்கொண்டே வாங்குங்கள். பட்டியலில் இல்லாததை, அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அந்தப் பணத்தில் வாங்க முடியாது.

"கருவியை நிதியில் வாங்கிவிட்டோம். பராமரிப்புக்கும் அதிலிருந்தே எடுக்கலாமா?"

உதவி நிதி பொருள் வாங்கவே வருகிறது. ஆண்டுப் பராமரிப்பு, இணையக் கட்டணம், யுபிஎஸ் பேட்டரி ஆகியவை தொடர் செலவு. அவற்றை மாநில நிதியில் காட்ட வேண்டும். வாங்கும்போதே ஐந்தாண்டு உத்தரவாதத்தையும் பராமரிப்பையும் சேர்த்து ஒரே விலையாகக் கேட்பது ஓரளவு தப்பிக்கும் வழி. ஆறாம் ஆண்டுக்கு அதுவும் உதவாது.

அதனால் முன்மொழிவிலேயே ஆறாம் ஆண்டில் என்ன ஆகும், எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து பேட்டரி மாற்றுவோம் என்று ஒரு பத்தி எழுதச் சொல்கிறேன். யாரும் எழுதுவதில்லை. புதுக் கேமராவுக்குத் திறப்பு விழா உண்டு, பேட்டரி மாற்றியதற்கு எந்த ஊரிலும் ரிப்பன் வெட்டியதில்லை. 2025 செப்டம்பரில், ராஜஸ்தானில் எட்டு மாதங்களுக்குள் 11 பேர் காவலில் இறந்ததாக வந்த நாளிதழ்ச் செய்தியைக் கண்டு, நிலையங்களில் வேலை செய்யும் கேமராக்கள் இல்லாதது பற்றி உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்தது. 2020 உத்தரவு வந்து ஐந்தாண்டு ஆகப்போகும் நேரம் அது. வாங்கியதும் ஓடுவதும் வேறு வேறு என்பதை அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

"வணிகர் சங்கத்தார் இலவசமாக வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். வேண்டாம் என்பானேன்?"

தெருக் கேமராவுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் "மூன்றாவது கண்" திட்டத்தில் குடியிருப்போரும் கடைக்காரர்களும் கொடுத்த பங்கு கணிசமானது. லாக்கப்பிலும் விசாரணை அறையிலும் நன்கொடைக் கேமரா வைப்பதை நான் ஏற்க மாட்டேன். நன்கொடை கொடுத்தவரோ அவர் போட்டியாளரோ நாளை அதே அறையில் உட்கார நேரலாம். பொருத்தியவர் யார், கடவுச்சொல் யாரிடம் என்ற குறுக்கு விசாரணைக்கு அப்போது பதில் இருக்காது. உத்தரவே இதற்கான நிதியைப் பெறும் பொறுப்பை மாநில மேற்பார்வைக் குழுவிடம் கொடுத்திருக்கிறது. உள்துறைச் செயலர், நிதித்துறைச் செயலர், காவல்துறைத் தலைவர், மாநில மகளிர் ஆணையத்தின் தலைவர் அல்லது உறுப்பினர் அந்தக் குழுவில் இருப்பார்கள். நிதித்துறைச் செயலரையே உறுப்பினராக்கிய பிறகு கடைத்தெருவில் உண்டியல் குலுக்க வேண்டியதில்லை.

"எல்லாவற்றையும் வீடியோ எடுத்துவிட்டால், குற்றவாளி ஒப்புக்கொண்டதை நீதிமன்றம் ஏற்கும்தானே?"

ஏற்காது. புதிய அதிகாரிகள் இந்த ஆசையோடுதான் கருவி கேட்கிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. அவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், கண்டெடுப்போடு தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். ஒப்புதல் வேண்டுமென்றால் சன்ஹிதாவின் 183ஆம் பிரிவின்படி நடுவரிடம் போக வேண்டும். அங்கே ஒலி-ஒளிப் பதிவு செய்வதானால் வழக்கறிஞர் முன்னிலையில் செய்யப்படும்.

பிறகு பதிவால் என்ன பயன் என்று அடுத்த கேள்வி வரும். அடித்ததாக எழும் பொய்ப் புகாரிலிருந்து நேர்மையான அதிகாரியை அது காக்கும். உண்மையில் அடிபட்டவருக்கு அது சாட்சியாகும். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வந்தது என்று பின்னால் சரிபார்க்க உதவும்.

"குழந்தைகளிடம் வாக்குமூலம் வாங்கும்போதும் இதே அறையா?"

கூடாது. போக்சோ சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி குழந்தையின் வீட்டிலோ, குழந்தை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி வாங்க வேண்டும். இயன்றவரை அவர் உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். 26ஆம் பிரிவு இயன்ற இடத்திலெல்லாம் ஒலி-ஒளிப் பதிவையும் கேட்கிறது. ஆகவே மதிப்பீட்டில் கையில் எடுத்துச் செல்லும் பதிவுக் கருவி ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அதிகாரியின் சொந்தக் கைபேசியில் பதிந்து, வாட்ஸ்அப்பில் நிலையத்துக்கு அனுப்பும் பழக்கத்தை நிறுத்தவாவது அது உதவும். அந்தப் பதிவு கசிந்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்ட குற்றம் அனுப்பியவர் மீது விழும்.

"வழக்கறிஞர் வந்து கட்சிக்காரருடன் பேசும்போது மைக் ஓடிக்கொண்டிருந்தால்?"

ஓடக் கூடாது. கைதானவர் விசாரணையின்போது தம் வழக்கறிஞரைச் சந்திக்கலாம், விசாரணை முழுவதும் உடனிருக்க வேண்டும் என்றில்லை என்பது சன்ஹிதாவின் 38ஆம் பிரிவு. அந்தச் சந்திப்பில் பேசுவது தொழில்முறை இரகசியம். படம் ஓடட்டும், ஒலியை மட்டும் நிறுத்தும் பொத்தான் வைத்து, நிறுத்திய நேரமும் தொடங்கிய நேரமும் பதிவில் தெரியும்படி செய்யலாம். இல்லையேல் மைக் இல்லாத, கண்ணாடிக் கதவு வைத்த சிறு அறையை ஒதுக்கலாம். என் விருப்பம் இரண்டாவதுதான். பொத்தான் இருக்கும் இடத்தில் அதை வேறு நேரங்களில் அழுத்தவும் விரல் இருக்கும்.

"நீதிமன்றத்தில் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் போதாதா?"

அதோடு சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். பழைய சட்டத்தின் 65-பி சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது, புதிய சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. படிவத்தில் இரண்டு பகுதிகள்: பதிவைத் தருபவர் நிரப்புவது ஒன்று, வல்லுநர் நிரப்புவது மற்றொன்று. இரண்டிலும் கோப்பின் ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பிலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண், எழுதப்பட வேண்டும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும்.

வாங்கும்போதே, பதிவை வெளியே எடுக்கும் கணத்தில் ஹாஷ் மதிப்பைத் தானாகக் கணக்கிட்டுத் தாளில் அச்சிடும் வசதியைக் கேளுங்கள். கருவியின் கடிகாரம் இணையத்தோடு ஒத்துப்போகும்படி இருக்கட்டும். பொது நாட்குறிப்பில் கைது இரவு 9.40, கேமராவில் 8.55 என்றிருந்தால் எதிர்தரப்பு வழக்கறிஞருக்கு அன்று வேறு வாதமே தேவைப்படாது.

"என் தம்பியை நிலையத்தில் அடித்துவிட்டார்கள். பதிவு கேட்டு ஆர்டிஐ போடலாமா?"

போடலாம், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். பதிலுக்கு 30 நாள் அவகாசம், உயிர், சுதந்திரம் தொடர்பானதென்றால் 48 மணி நேரம். புலனாய்வைப் பாதிக்கும் என்ற 8(1)(எச்) விலக்கைக் காட்டி மறுக்கவும் கூடும். நீங்கள் மேல்முறையீடு செய்துகொண்டிருக்கும்போது டிஸ்க் தன் போக்கில் பழையதன் மேல் புதியதை எழுதிக்கொண்டிருக்கும்.

அன்றைக்கே செய்ய வேண்டியது, தேதி, நேரம், நிலையம் குறிப்பிட்டு "இந்தப் பதிவை அழியாமல் காக்க வேண்டும்" என்று காவல் கண்காணிப்பாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் எழுதுவது. இருவருமே 2020 உத்தரவின்படி அமையும் மாவட்ட மேற்பார்வைக் குழுவின் உறுப்பினர்கள். பலத்த காயமோ காவல் மரணமோ என்றால் மாநில மனித உரிமை ஆணையத்தையும் மனித உரிமை நீதிமன்றத்தையும் அணுகலாம். பதிவை உடனே வரவழைத்துப் பாதுகாக்கும் அதிகாரத்தை 2020 உத்தரவு அவற்றுக்குக் காட்டியிருக்கிறது. ரிமாண்டுக்குக் கொண்டுபோகும்போது நடுவரிடம் வாய்மொழியாகச் சொன்னாலும் அது பதிவாகும்.

"'அன்று கேமரா பழுது' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?"

அந்தப் பதிலுக்கு அடுத்த கேள்வி தயாராக இருக்கிறது. கேமரா பழுதானால் நிலையப் பொறுப்பு அதிகாரி உடனே மாவட்டக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். பழுதாயிருந்த காலத்தில் அந்த நிலையத்தில் நடந்த கைதுகள், விசாரணைகள் பற்றிய விவரத்தையும் அனுப்ப வேண்டும். இது உத்தரவிலேயே உள்ளது. எனவே "பழுது" என்ற பதில் வந்தால், பழுதைத் தெரிவித்த கடிதத்தின் நகலையும், அந்தக் காலக் கைது விவரத்தையும் கேளுங்கள். மாவட்டக் குழு மாதந்தோறும் மாநிலக் குழுவுக்கு அறிக்கை தர வேண்டும், அதில் இந்தப் பழுது இருக்கிறதா என்றும் கேளுங்கள். வழக்கறிஞர்கள் பலர் முதல் பதிலோடு திரும்பிவிடுகிறார்கள்.

"நிலையத்துக்குக் கொண்டுபோகாமலே அடித்தால் இத்தனை கோடி செலவழித்து என்ன பயன்?"

நியாயமான கோபம். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் காவல்துறை விசாரணையில் இறந்தபோது, அவர் அடிக்கப்படுவதைக் காட்டியது அங்கிருந்த ஒருவர் கைபேசியில் மறைவாக எடுத்த காட்சி. அரசுப் பணத்தில் வாங்கிய எந்தக் கருவியும் அங்கே இல்லை.

நிலையக் கேமரா நிலையத்துக்குத்தான் காவல். ஆனால் அது மறைமுகமாக ஒரு வேலை செய்யும்: ஒருவரைப் பிடித்த நேரத்துக்கும் அவர் நிலைய வாசலைக் கடந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியைக் காட்டிக்கொடுக்கும். வாசல் கேமராவின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகவும்தான். விசாரணைக்கு அழைத்துச் செல்லும் வாகனங்களிலும் கேமரா வேண்டும் என்பது என் கருத்து. இப்போதைய உத்தரவில் அது இல்லை.

"புதுக் கருவி வந்துவிட்டது. பழைய டிவிஆரை (கேமராப் பதிவுப் பெட்டியை) கழிவுப் பொருளாக ஏலம் விடலாமா?"

பெட்டியை விடலாம், டிஸ்கை விடக் கூடாது. முதலில், பழைய டிஸ்கில் இருக்கும் கடைசிப் பதிவின் தேதியிலிருந்து 18 மாதம் ஆகும் வரை அதை முத்திரையிட்டு வைத்திருங்கள். அதில் உள்ள ஏதாவது ஒரு நாள் நிலுவை வழக்கிலோ ஆணைய விசாரணையிலோ கேட்கப்பட்டிருந்தால் அது முடியும் வரை. பிறகு, எந்த டிஸ்க், என்ன வரிசை எண், யார் முன்னிலையில் அழிக்கப்பட்டது என்று எழுதி, துளையிட்டோ நொறுக்கியோ அழித்து, அந்தப் பதிவை மாவட்டக் குழுவுக்கு அனுப்புங்கள். கருவி உதவி நிதியில் வாங்கப்பட்டதென்றால் சொத்துப் பதிவேட்டிலிருந்து நீக்கவும் உரிய அதிகாரியின் ஆணை வேண்டும், நிலைய அளவில் கையெழுத்துப் போட்டு முடிக்க முடியாது.

டெண்டரில் "பழையதைத் திரும்ப எடுத்துக்கொண்டு விலை குறைப்பு" என்ற வரி இருந்தால் அதை அடித்துவிடச் சொல்வது என் வழக்கம். சில நூறு ரூபாய்க்காக ஒரு நிலையத்தின் லாக்கப் காட்சிகளை ஒரு விற்பனையாளர் வண்டியில் ஏற்றி அனுப்புவதற்கு அந்த வரி வழிசெய்துவிடும்.